நான் எழுதிய பத்தியம்

இரண்டு வருடங்களுக்கு முன்பு, ஒரு வெள்ளிக்கிழமை காலை பத்து மணியளவில், புற்றுநோய்க் கிளினிக்கின் வராந்தாவில் இது நடந்தது. உடுப்பிட்டியிலிருந்து விடியவே ஓட்டோ பிடித்து, மனைவியைக் கூட்டிக்கொண்டு போயிருந்தேன். மார்பில் கட்டி வந்து ஒப்பரேசன் முடிந்து, அவளுக்கு மூன்று கிழமைக்கொரு முறை மருந்து ஏற்றிக்கொண்டிருந்தார்கள். மொத்தம் ஆறு தடவை. இரண்டு முடிந்து, அன்று மூன்றாவது. இரத்தம் எடுத்தாகிவிட்டது. முடிவு சரியாக இருந்தால்தான் மருந்து ஏற்றுவார்கள்.

அதற்கு முந்திய ஆறு கிழமைகளில் நான் செய்த திருவிளையாடலை முதலில் சொல்லிவிடுகிறேன்.

நான் அரச கந்தோரில் தலைமை எழுதுவினைஞராக இருந்து ஓய்வு பெற்றவன். எதையும் ஒழுங்குபடுத்தாவிட்டால் எனக்கு நித்திரை வராது. மனைவிக்கு நோய் என்று தெரிந்த நாளிலிருந்து எனக்குச் செய்ய ஒன்றும் இருக்கவில்லை. வெட்டுவது டொக்டர், மருந்து ஏற்றுவது தாதி, கும்பிடுவது கூட அவளே கும்பிட்டுக்கொண்டாள். நான் பையைத் தூக்கிக்கொண்டு பின்னால் போனேன், அவ்வளவுதான்.

முதல் மருந்து ஏற்றி வீட்டுக்கு வந்ததும் பார்க்க வந்தவர்கள் ஆளுக்கொரு புத்தி சொன்னார்கள். சீனி இந்த நோய்க்குச் சாப்பாடாம். மீன், முட்டை சூடாம். பால் கட்டியை வளர்க்குமாம். கனடாவிலிருந்து மைத்துனர் வட்ஸ்அப்பில் அரை மணித்தியாலம் பேசினார். மருந்தென்றால் பத்தியம் இருக்கத்தானே வேண்டும், இது எங்கள் இரத்தத்திலேயே ஊறிய விசயம். சாதாரண காய்ச்சலுக்கே பத்தியம் காக்கிறவர்கள், இந்தப் பெரிய வருத்தத்துக்குக் காக்காமல் விடுவதா?

ஓய்வு பெற்ற எழுதுவினைஞனுக்கு ஒரு வெள்ளைத் தாளும் அடிமட்டமும் கிடைத்தால் போதாதா? கோடு போட்டு, நேரம் போட்டு, எழுதிவிட்டேன். காலையில் அறுகம்புல்லும் வல்லாரையும் பச்சையாக இடித்த சாறு. பிறகு குரக்கன் கஞ்சி. மதியம் உப்பு, உறைப்பு, தேங்காய்ப்பால் இல்லாத அவித்த மரக்கறி. மீன், முட்டை, இறைச்சி, பால், சீனி விலக்கு. பின்னேரம் கோயில் வரைக்கும் நடை. பிறகு தேவாரம். ஒன்பது மணிக்குப் படுக்கை. குசினிக் கதவில் ஒட்டிவிட்டு, இன்னொரு பிரதி எடுத்துச் சட்டைப் பையிலும் வைத்துக்கொண்டேன்.

மனைவி கதவடியில் நின்று வாசித்தாள்.

"சுற்றறிக்கை வந்திட்டுது. இனி அமுல்படுத்த வேண்டியதுதான்," என்றாள்.

அவளுக்கு எப்போதும் என்னோடு பகிடிதான். நான் அதைச் சம்மதமாக எடுத்துக்கொண்டேன். இரண்டாம் கிழமை ஒருநாள், "இஞ்சாருங்கோ, ஒரு முட்டை அவிச்சுத் தாறியளோ?" என்று கேட்டாள். நான் முட்டை கொடுக்கவில்லை, பிரசங்கம் கொடுத்தேன். அதற்குப் பிறகு அவள் கேட்கவில்லை. விளங்கிக்கொண்டுவிட்டாள் என்று நினைத்தேன். காப்பு கையில் நில்லாமல் கழன்று விழுந்தபோது, மருந்தின் வேலை என்று எனக்கு நானே சொன்னேன்.

அன்றைக்குக் காலையில் நிறை பார்த்த தாதி, கிளினிக் கொப்பியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "அம்மா என்ன சாப்பிடுறவ?" என்று கேட்டார். மனைவி வாய் திறக்க முதல் நானே, "எல்லாம் நேரத்துக்குச் சாப்பிடுறா மிஸ்," என்றேன். நேரத்துக்கு என்பது உண்மைதான். பத்தியத்தைப் பற்றிச் சொன்னால் ஏசுவார்கள் என்று உள்ளுக்குள் தெரிந்தபடியால்தான் அதைச் சொல்லவில்லை.

இரத்த முடிவு வந்துவிட்டதா என்று கேட்கப் போய், நீண்ட வரிசையில் நின்றுவிட்டுத் திரும்பி வந்தேன். வராந்தாவின் அந்தத் தொங்கலில் இருந்தே பொரித்த மீன் மணந்தது. மர வாங்கில் மனைவிக்குப் பக்கத்தில், தலையைத் துணியால் மூடிக் கட்டிய ஒரு பெண் இருந்தார். அவருடைய சாப்பாட்டுப் பெட்டி என் மனைவியின் மடியில் இருந்தது. புட்டும் பொரித்த ஒட்டி மீனும். மனைவி குனிந்த தலை நிமிராமல், முள்ளைப் பக்குவமாக எடுத்து எடுத்துச் சாப்பிட்டுக்கொண்டிருந்தாள்.

முப்பத்துநாலு வருடமாக அவளோடு குடும்பம் நடத்துகிறேன். பிள்ளைப்பேற்றுக்குப் பிறகு பத்தியமாக மீன் சாப்பிட்ட நாட்களில்கூட, வெள்ளிக்கிழமையில் மட்டும் மீன், இறைச்சி என்று எந்த மச்சமும் தொட்டதில்லை.

"இண்டைக்கு வெள்ளிக்கிழமை," என்றேன்.

"தெரியும்," என்றாள். அடுத்த துண்டை எடுத்தாள்.

அந்தப் பெண்தான் சங்கடப்பட்டார். "அண்ணை, குறை நினையாதேங்கோ. அக்கா என்ரை பெட்டியையே பாத்துக்கொண்டிருந்தவ. அதுதான் நான் சாப்பிடுங்கோவன் எண்டு குடுத்தனான். நாங்கள் கத்தோலிக்கர், எங்களுக்கும் வெள்ளியிலை இறைச்சி இல்லை. மீனெண்டால் பரவாயில்லை."

குருநகரில் மீன் விற்கிறவராம். அவருக்கு அன்று நாலாவது மருந்து. "உந்த மருந்து ஏத்தினால் நாக்குச் செத்துப்போகும் அண்ணை. மூண்டாம் கிழமையிலைதான் கொஞ்சம் ருசி வரும். வரேக்கை சாப்பிட்டிட வேணும்," என்றார். பெட்டியில் பாதிக்கு மேல் முடிந்திருந்தது. மிச்சத்தையும் அவள் பக்கம் தள்ளிவிட்டார். எனக்குக் கோபம் வரவில்லை, வெட்கம்தான் வந்தது. பெண்சாதி பிறத்தியாரின் சாப்பாட்டைப் பார்த்துக்கொண்டிருக்கிற அளவுக்கு வைத்திருக்கிறேன், அதையும் பத்துப் பேர் பார்த்துவிட்டார்கள் என்ற வெட்கம்.

கொஞ்ச நேரத்தில் டொக்டர் கூப்பிட்டார். எங்கள் மகளின் வயதிருக்கும். இரத்த முடிவைப் பார்த்துவிட்டு, வெள்ளை அணு குறைவாக இருக்கிறது, இன்றைக்கு மருந்து ஏற்ற முடியாது, ஒரு கிழமை கழித்து வாருங்கள் என்றார். நிறை இப்படியே இறங்கினால், மிச்ச மருந்தைக் குறைக்க வேண்டி வரும், சிலவேளை நிறுத்தவும் வேண்டி வரலாம் என்றும் சொன்னார்.

"வீட்டிலை என்னம்மா சாப்பிடுறீங்கள்?"

மனைவி நிலத்தைப் பார்த்தாள். அவள் என்னைக் காட்டிக்கொடுக்க மாட்டாள் என்று எனக்குத் தெரியும். அப்படி அவள் பேசாமல் இருந்ததை என்னால் தாங்க முடியவில்லை. சட்டைப் பையிலிருந்த தாளை எடுத்து மேசையில் வைத்தேன்.

"நான் எழுதினது டொக்டர். இவ ஆறு கிழமையா உதைத்தான் சாப்பிடுறா."

ஏசப் போகிறார் என்று தலையைக் குனிந்துகொண்டேன். அவர் முழுவதையும் வாசித்தார். பிறகு பேனையை எடுத்து, நடை என்ற இடத்தில் ஒரு சரி போட்டார். தேவாரத்துக்கு ஒரு சரி. ஒன்பது மணிப் படுக்கைக்கு ஒரு சரி. பச்சைச் சாற்றையும் விலக்குப் பட்டியலையும் குறுக்கே வெட்டினார்.

"ஐயா, வெள்ளை அணு குறையிறது மருந்தாலையும் வரும். எல்லாத்துக்கும் நீங்கள்தான் காரணம் எண்டு நான் சொல்லேல்லை," என்றார். "ஆனால் உடம்பிலை பலம் இல்லாட்டி எங்கடை மருந்தை அவ தாங்கமாட்டா. நடக்கிறது, கும்பிடுறது, மனம் ஆறுதலா இருக்கிறது எல்லாம் நல்லது, விடாதேங்கோ. வயித்துக்குள்ளை போற சாறு, தூள், குளிசை எதுவெண்டாலும் எங்களைக் கேட்டிட்டுக் குடுங்கோ. பச்சையா ஒண்டும் இப்ப வேண்டாம். முட்டை, மீன், பருப்பு எல்லாம் நல்லா அவிச்சுக் குடுங்கோ."

பிள்ளையார் பிடிக்கப் போய்க் குரங்காக முடித்தவனிடம் இவ்வளவு தன்மையாகப் பேசினார். ஏசியிருந்தால் எனக்குக் கொஞ்சம் இலேசாக இருந்திருக்கும்.

திரும்பி வரும் வழியில் ஓட்டோ அச்சுவேலி தாண்டின பிறகு, மெல்லக் கேட்டேன்.

"பசிக்குதெண்டு நீர் ஏன் எனக்குச் சொல்லேல்லை?"

அவள் வெளியே தோட்டங்களைப் பார்த்துக்கொண்டே சொன்னாள். "ஒப்பரேசன் முடிஞ்சு வந்த நாளிலை இருந்து நீங்கள் பேயறைஞ்ச மாதிரித் திரிஞ்சியள். கூப்பிட்டாலும் கேக்காது. உந்தப் பேப்பரை எழுதின அண்டைக்குத்தான் உங்கடை முகம் தெளிஞ்சது. விடிய எழும்பிப் புல்லுப் பிடுங்கப் போகேக்கை பாட்டுக்கூடப் பாடினியள். அதைக் கெடுக்க எனக்கு மனம் வரேல்லை."

ஓட்டோக்காரர் கண்ணாடியில் பார்க்கிறார் என்று தெரிந்தும் நான் அழுதேன்.

அடுத்த வெள்ளிக்கிழமை இரத்த முடிவு சரியாக வந்தது. மருந்து ஏற்றினார்கள். பிறகு ஆறும் முடிந்தது. ஒவ்வொரு தடவையும் சுலபமாக இருந்ததென்று சொல்ல மாட்டேன். ஐந்தாவது மருந்துக்குப் பிறகு நாலு நாள் தண்ணீர் கூட வயிற்றில் தங்கவில்லை. ஆனாலும் சாப்பிடக்கூடிய நாட்களில் அவள் கேட்டதைச் சாப்பிட்டாள், முடிந்த நாட்களில் இருவருமாக நடந்தோம். குருநகர்ப் பெண்ணைப் பிறகு கிளினிக்கில் காணவில்லை. நாள் மாற்றிக் கொடுத்திருக்கலாம். பெயரைக் கூடக் கேட்டு வைக்கவில்லையே என்று எனக்கு இன்னும் மனக்குறை.

இப்போது ஆறு மாதத்துக்கொரு முறை பரிசோதனைக்குப் போய் வருகிறோம், நன்றாக இருக்கிறாள். கோயிலடியில் காண்கிறவர்கள், "மனிசியை நல்லாப் பாத்து எடுத்துப் போட்டியள்," என்று என்னைப் பாராட்டுகிறார்கள். அவள் பக்கத்தில் நின்று, "ஓமோம்," என்று சிரிக்கிறாள். அந்த ஆறு கிழமையும் பசியோடு இருந்து என்னைப் பார்த்து எடுத்தவள் அவள்தான் என்பது எங்கள் இருவருக்கு மட்டுமே தெரியும்.