ஒரே தொட்டியில் கொட்டிய குஞ்சுகள்

மந்தைவெளியில் எங்களுடையது மொட்டை மாடி ஷீட் வீடு. ஒரே அறை. நான், வீட்டுக்காரர், கொழுந்தன், அவன் பெண்டாட்டி. குறுக்கே ஒரு புடவை. அவ்வளவுதான்.

வெளியே என் தொட்டிகள். நீல டிரம்மைப் பாதியாக அறுத்தவை. கோல்டு மீன் குஞ்சு வளர்த்துக் கடைக்குக் கொடுப்பேன். அந்த முறை பொரித்த ஈடு நல்ல ஈடு. அது வளர்ந்து விலை போனால், அந்தக் காசில் நானும் வீட்டுக்காரரும் தனியாக அறை பார்ப்பதாக இருந்தோம்.

குஞ்சை நெருக்கி விடக்கூடாது. வெள்ளைக் கிண்ணத்தில் மொண்டு பார்த்து, பெரிசு தனி, சிறுசு தனி என்று பிரித்துக்கொண்டே இருக்க வேண்டும். சேர்ந்து கிடந்தால் பெரிசு சிறுசைத் தின்னும். மிச்சம் தன் கழிவிலேயே மூச்சு முட்டும். கொழுந்தனுக்கும் இது தெரியும். தினம் பார்க்கிறவன்தான்.

அவன் பெண்டாட்டிக்கு மாடியில் வளைகாப்பு. காலையில் பூ வாங்க மயிலாப்பூர் போனேன். திரும்பி வந்தால் கொழுந்தன் தொட்டிகளைக் கவிழ்த்து வைத்திருக்கிறான். மேலே பலகை. பலகையில் சாப்பாட்டு அண்டா. குஞ்செல்லாம் ஓரத்தில் ஒரே தொட்டியில்.

"இன்னாடா பண்ணி வெச்சிகிற?"

"இன்னா அண்ணி, மீனுக்குத் தனித்தனி ரூமா கேக்குது? நாமளே ஒரே ரூம்லதான கீறோம்."

கூட்டம் சிரித்தது. நல்ல காரியத்தில் கத்தக்கூடாது. பல்லைக் கடித்துக்கொண்டு பரிமாறினேன்.

மதியம் குஞ்செல்லாம் மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடின. காற்றுக்குத் தவிப்பு. கொழுந்தனின் மாமியார் எட்டிப் பார்த்தாள்.

"ஐய, பாவம். பசியா கீது பாரு. புள்ளத்தாச்சி வூட்ல வாயில்லா ஜீவன் பட்டினி கெடக்கலாமா?"

தயிர்சாதத்தை உருட்டிப் போட்டாள். அவளைப் பார்த்து எல்லோரும் போட்டார்கள். புண்ணியமாம். நான் அண்டா கழுவிவிட்டு வருவதற்குள் தண்ணீர் வெளுத்துவிட்டது.

மறுநாள் பாதிக்கு மேல் மிதந்தது. அள்ளிக் கொட்டினேன். தப்பியதை அகலமாகப் பிரித்து விட்டேன். அவித்த முட்டையின் மஞ்சள் கரைத்து ஊற்றினேன். வாரக்கணக்கில் வளர்த்தும் தலைதான் பெருத்தது. உடம்பு ஏறவில்லை. கடைக்குக் கொண்டு போனேன். கடைக்காரர் மீன் பையைத் தூக்கி ஒரு பார்வை பார்த்தார்.

"இது இனிமே தேறாதும்மா. எடுத்துனு போ."

தனி அறைப் பேச்சு அதோடு போச்சு.

குழந்தை பிறந்தது. கொழுந்தன் கயிற்றோடு வந்து நின்றான்.

"அண்ணி, தூளி கட்ட எடம் பத்தல. உங்க பாயைக் கொஞ்சம் அப்பால போட்டுக்கங்க."

"எங்கடா அப்பால? நீதான சொன்ன, ஒரே ரூம்னு."

 பாயை நான் நகர்த்தவில்லை.

தூளி இப்போது என் தலைக்கு மேலே தொங்குகிறது.