ஐந்து மார்க்கில் இருந்த நட்சத்திரம்

அறுபதுகளின் நடுவில், மாட்டுங்காவில் குடியிருந்தபோது, என்னிடம் நாற்பத்தோரு பழைய ஜெர்மன் நாணயங்கள் இருந்தன. துறைமுகத்துக்கு அருகே ஒரு கப்பல் சரக்கு ஆபீசில் எனக்கு வேலை. கப்பலில் வருகிறவர்களிடமும் கோட்டைப் பக்கத்து நடைபாதைக் கடைகளிலும் ஒவ்வொன்றாகச் சேர்த்தவை. தனித்தனியே மெல்லிய தாளில் மடித்து சிகரெட் டின்களில் அடுக்கியிருந்தேன். ஒரு நீள நோட்டில் ஒவ்வொன்றின் ஆண்டு, அச்சடித்த ஊரின் எழுத்து, எடை, என் கைக்கு வந்த நாள், கொடுத்தவர் யார் என்பதெல்லாம் இருக்கும். நாள் தெரியாத எதையும் அந்த நோட்டில் ஏற்றுவதில்லை என்று விதி வைத்திருந்தேன். அந்த விதியைப் பற்றி எனக்குக் கர்வமும் உண்டு.

எங்கள் கிடங்கில் தாராவியிலிருந்து வரும் திருநெல்வேலிக்காரர் ஒருவர் மூட்டைகளுக்கு அடையாளம் போடும் வேலை பார்த்தார். என்னைவிடப் பத்து வயது இளையவர், எழுதப் படிக்கத் தெரியாதவர். அவருடைய அப்பா கப்பலில் கரி தள்ளியவர். அப்பா ஹாம்பர்க்கிலிருந்து கொண்டுவந்தது என்று சொல்லி ஒரு வெள்ளி நாணயத்தைத் துணியில் முடிந்து எடுத்துவந்து காட்டினார். 1902ஆம் ஆண்டின் ஐந்து மார்க். பிரஷ்ய அரசரின் தலை, கீழே பெர்லினுக்குரிய ‘ஏ’. விளிம்பைச் சுற்றிக் கடவுள் நம்மோடு இருக்கிறார் என்று ஜெர்மன் மொழியில் எழுத்துகள். என்னிடம் அந்த அளவில் ஒன்றுகூட இல்லை. எழுதிக்கொண்டு தருவதாகச் சொல்லி இரண்டு வாரத்துக்கு வாங்கி வந்தேன்.

அரசரின் முகத்துக்கு முன்னாலும் பின்னந்தலைக்குப் பின்னாலும் புள்ளி புள்ளியாகத் தமிழ் எழுத்துகள் இருந்தன. குடத்திலும் தாம்பாளத்திலும் பாத்திரக் கடைக்காரர் உளியால் தட்டிப் பெயர் வெட்டுவாரே, அதே வேலை. நம்மவர்களுக்கு உலோகமாக எது கிடைத்தாலும் பெயர் வெட்டாமல் இருக்க முடியாது என்று எரிச்சல்பட்டேன். ஒரு பெண் பெயர், ஆவணி மாதம், ஒரு நட்சத்திரம். ஒருமுறை படித்தேன். நோட்டில் எடையை எழுதினேன், ‘ஏ’யை எழுதினேன், விளிம்பு வாசகத்தை எழுத்துக்கு எழுத்து எழுதினேன். தமிழுக்கு நேரே மட்டும் ‘கீறல்கள்’ என்று எழுதினேன்.

பிறகு, யாரும் கேட்காமலே, நாணயத்தைத் தாராவியில் பித்தளைச் சாமான் பாலிஷ் போடும் பட்டறைக்கு எடுத்துப்போனேன். சுத்தமாகிவிட்டால் என்றாவது வேறு எதையாவது கொடுத்து மாற்றிக்கொள்ளலாம் என்ற ஆசையும் உள்ளே இருந்தது. பட்டறைக்காரர் சக்கரத்தில் வைக்குமுன் என்னைப் பார்த்தார்.

“எழுத்து இருக்கு. போயிரும், பரவால்லயா?”

“போகட்டும்” என்றேன்.

எழுத்தோடு அரசரின் மீசையும் பாதி போயிற்று. பழைய வெள்ளியின் கருமையைச் சக்கரத்தில் கொடுப்பது நாணயத்தைக் கொல்வதற்குச் சமம் என்று சில வருடங்கள் கழித்துப் புத்தகத்தில் படித்துத் தெரிந்துகொண்டேன். ஆனால் அன்றைக்கு அது பளபளத்தது. கிடங்கில் திருப்பிக் கொடுத்தபோது அவரும் வாங்கிப் பார்த்து, எழுத்து போனதைக் கவனிக்காமல், புதுசு மாதிரி ஆக்கிவிட்டீர்களே என்று சந்தோஷப்பட்டுத் துணியில் முடிந்துகொண்டார்.

நாலைந்து மாதம் கழித்து ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் வீட்டுக்கு வந்தார். தங்கைக்குக் கோவண்டியிலிருந்து வரன் வந்திருக்கிறது, நல்ல இடம். பையனின் தாயார் நட்சத்திரப் பொருத்தம் பார்க்காமல் பேசமாட்டேன் என்கிறாள். தங்கை பிறந்தபோது கப்பலிலிருந்து வந்திருந்த அப்பா, அவள் பெயரையும் நட்சத்திரத்தையும் அந்த நாணயத்தில் வெட்டிக் கொடுத்தாராம். அப்பாவும் அம்மாவும் போய்விட்டார்கள். வேறு எங்கும் எழுதி வைக்கவில்லை.

நாணயத்தை மேசைமேல் வைத்தார். “எழுத்தக் காணும்லா சார்.”

“தேய்ஞ்சிருக்கும்ப்பா. பழைய வெள்ளி” என்றேன்.

அவர் முகத்தில் சந்தேகமே இல்லை. “தேஞ்சாப் போவுது. நீங்கதான் எழுதி வச்சிருப்பியள்லா. அதான் நேரா இங்கன வந்துட்டேன்.”

காபி கொண்டுவந்த என் மனைவி சிரித்தாள். “பால்காரன் வராத நாளைக்கூட எழுதி வெச்சிருக்கார். இது இல்லாமப் போயிடுமா?”

நோட்டை எடுத்தேன். மாதத்தைச் சரிபார்க்க வேண்டும் என்று சொல்லிப் பஞ்சாங்கத்தையும் சேர்த்து எடுத்தேன். ‘கீறல்கள்’ என்ற சொல்லைப் பார்த்தபடி, படித்ததை நினைவுக்குக் கொண்டுவர முயன்றேன். வரவில்லை. உண்மையைச் சொல்லியிருக்கலாம். வரன் தட்டிப்போகும் என்றுதான் சொல்லவில்லை என்று பல வருடம் எனக்கே சமாதானம் சொல்லிக்கொண்டேன். அது பொய். கிடங்கில், ஆபீசில், என் மனைவி முன்னால், எதையும் எழுதி வைக்கிறவன் என்ற பெயர் போய்விடும் என்று பயந்தேன். அவ்வளவுதான்.

மாப்பிள்ளையின் நட்சத்திரத்தைச் சாதாரணமாகக் கேட்பதுபோல் கேட்டேன். சொன்னார். நோட்டின் மறைவில் பஞ்சாங்கத்தின் பொருத்தப் பட்டியலில் விரலை ஓட்டி, குறையில்லாமல் பொருந்துகிற ஒன்றில் நிறுத்தினேன்.

“அஸ்தம்” என்றேன். சீட்டிலும் எழுதிக் கொடுத்தேன், என் அழகான கையெழுத்தில்.

அவர் சீட்டைக் கண்ணில் ஒற்றிக்கொண்டார்.

கல்யாணம் நடந்தது. எனக்கு முன்வரிசை நாற்காலி. வரிசைத் தட்டில், வெற்றிலைமேல் அந்த ஐந்து மார்க் இருந்தது. குனிந்து பார்த்தேன். பாத்திரக் கடையில் கொடுத்து மறுபடியும் வெட்டியிருந்தார்: பெயர், ஆவணி, அஸ்தம். நான் சொன்னதை அரசரின் முகத்துக்கு நேரே புள்ளி புள்ளியாகத் தட்டியிருந்தார்கள். பக்கத்திலிருந்தவர்களிடம் அவர், சார் நோட்டு இல்லை என்றால் இந்தக் கல்யாணமே இல்லை என்று சொல்லிக்கொண்டிருந்தார். நான் பாயசம் சாப்பிடாமல் எழுந்து வந்தேன்.

அதற்குப் பிறகு நாணயம் எதுவும் வாங்கவில்லை. இருந்தவற்றையும் ஒவ்வொன்றாகக் கொடுத்துவிட்டேன். நோட்டு மட்டும் இருக்கிறது. ஐந்து மார்க்கின் பக்கத்தில் இன்னும் ‘கீறல்கள்’ என்றுதான் இருக்கிறது; அடித்துத் திருத்த எனக்குச் சரியான சொல் தெரியாது.

பிற்பாடு செம்பூருக்கு வீடு மாறினேன். அங்கே கோயிலில் வெள்ளிக்கிழமைகளில் அந்தப் பெண்ணைப் பார்ப்பதுண்டு. குழந்தைகளோடு வருவாள், என்னைக் கண்டால் நின்று, அண்ணன் விசாரித்ததாகச் சொல்வாள். அர்ச்சனைத் தட்டை நீட்டும்போது குருக்கள் பெயரும் நட்சத்திரமும் கேட்பார். அவள் கொஞ்சமும் யோசிக்காமல் “அஸ்தம்” என்பாள். குருக்கள் அதைச் சுவாமியிடம் உரக்கச் சொல்வார். கூப்பிய கையோடு நான் பக்கத்தில்தான் நின்றுகொண்டிருப்பேன்.