வேப்பிலை கட்டிய மணற்சுவர்: சித்தாண்டியில் ஒரு வெள்ளிக்கிழமைக் காலை

கொழும்பில் ஒரு கட்டட நிறுவனத்தில் அனுமதிப் பத்திரங்களோடு மாரடிப்பது என் வேலை. "கூடு கட்டும் பறவைகள் இருக்கும் இடத்திலிருந்து முப்பது மீற்றருக்குள் மண் அகழக் கூடாது" என்ற நிபந்தனையை எத்தனையோ தடவை தட்டச்சு செய்திருக்கிறேன். அதை யாரும் கடைப்பிடித்து நான் பார்த்ததில்லை.

போன வைகாசியில் தவமலர் அக்கா கைப்பேசியில் ஒரு படம் அனுப்பினார். சித்தாண்டிப் பக்கம், மட்டக்களப்பு வாவியை நோக்கி ஓடும் ஆற்றில் மண் எடுக்க அனுமதி பெற்றவர் அவர். அவருக்கு நான் விண்ணப்பம் நிரப்பிக் கொடுத்த பழக்கம். படத்தில் ஆளுயர மணற்சுவர், அதில் வரிசையாகப் பொந்துகள், ஒரு பொந்தின் வாயில் நீல வால் பஞ்சுருட்டான் குருவி. கீழே ஒரு கேள்வி: "தம்பி, முப்பது மீற்றர் எண்டா எங்க இரிந்து அளக்கிற?" இந்தக் கேள்வியை இத்தனை வருடத்தில் யாரும் என்னிடம் கேட்டதில்லை. பொந்திலிருந்து அளக்கச் சொல்லிப் பதில் அனுப்பிவிட்டு, இரண்டு நாள் லீவும் போட்டேன்.

கோட்டையிலிருந்து காலை 6.05 ரயில். மட்டக்களப்பில் இறங்கும்போது பின்னேரம் மூன்று மணி தாண்டிவிட்டது, என் முதுகும் என்னுடையதாக இல்லை. நகரில் அறை 3500 ரூபாய். மறுநாள் 5.30க்கு வாழைச்சேனை பஸ். இருபது கிலோமீற்றர், முக்கால் மணித்தியாலம், 110 ரூபாய். இடப்பக்கச் சன்னல் கிடைத்தால் வாவியைக் கொஞ்சம் பார்க்கலாம். சித்தாண்டிச் சந்தியில் இடியப்பமும் சொதியும் 250 ரூபாய். அங்கிருந்து ஆற்றங்கரைக்கு நான்கு கிலோமீற்றர், ஓட்டோ 500.

"தவமலர் அக்காட மண் எடுக்கிற இடத்துக்கா? அங்க அம்மன் வந்திரிக்காவாம், சனம் போகுது," என்றார் ஓட்டோக்காரர். எனக்கு ஒன்றும் விளங்கவில்லை.

போய் இறங்கியதும் விளங்கியது. மணற்சுவருக்கு முன்னால் கயிறு, கயிறு நெடுக வேப்பிலை. அதற்குக் கீழே தேங்காய்ப் பாதியில் விளக்கு, செவ்வரத்தம்பூ, கற்பூரம். ஏழெட்டுப் பெண்கள் நின்றார்கள். மேலே பஞ்சுருட்டான்கள் வாயில் தும்பியோடு சுற்றிச் சுற்றிப் பறந்தன. புகைக்குப் பயந்து ஒன்றும் பொந்துக்குள் போகவில்லை.

தலையில் கை வைக்காத குறையாக அக்கா நின்றார். ஐம்பது வயது இருக்கும். "முப்பது மீற்றரில சிவப்புக் கட்டை நட்டன், ஆரும் மதிக்கல்ல. அம்மாள் நோய் வந்த வீட்டு வாசல்ல வேப்பிலை கண்டா ஒருத்தரும் உள்ளுக்குப் போகமாட்டாங்கதானே? அப்பிடி நினைச்சுத்தான் கட்டினன். மண் ஏத்த வாற டிரக்டர்காரனுகள் அண்டல்ல. இது வைகாசி, கண்ணகையம்மன் கோயில்ல கதவு திறந்து சடங்கு நடக்கிற காலம் எண்டத நான் யோசிக்கல்ல. வேப்பிலையக் கண்டு அம்மன் எண்டு சனம் வந்திட்டு."

பெர்மிட் முடிய ஐந்து வாரம் இருந்தது. மிஞ்சியிருந்த நல்ல மண் எல்லாம் அந்தச் சுவருக்குப் பின்னால்தான். குஞ்சுகள் பறந்து போனால்தான் அதை எடுக்கலாம். அக்காவும் மூன்று வேலையாட்களும் அதைத்தான் நம்பியிருந்தார்கள். அவர்களில் ஒருவரான ராசன் குரலைத் தாழ்த்திச் சொன்னார்: "புகைக்கு அதுகள் தானாப் போனா நமக்கு என்ன அக்கா? நாமளா கிண்டினம்?"

நிபந்தனையின்படி பார்த்தால் அவர் சொன்னதில் ஓட்டை இல்லை. என்னைக் கேட்டிருந்தால் நானும் தலையாட்டியிருப்பேன். இன்றைக்கும் அதை நினைத்தால் வெட்கமாக இருக்கிறது.

அக்கா நேரே பெண்களிடம் போனார். "வேப்பிலை கட்டினது நான்தான் கா. உள்ளுக்குக் குஞ்சு கிடக்கு. தாய்க்காரி தீனோட நிக்கிறாள், நம்மளக் கண்டு வாறாள் இல்ல."

 கற்பூரத் தட்டு வைத்திருந்த பெண் மேலே பார்த்தார். "எவ்வளவு தூரம் போகணும்?" என்று கேட்டார்.

"முப்பது மீற்றர்," என்றார் அக்கா.

அக்கா நீட்டிய அளவுநாடாவின் ஒரு நுனியை நான் பிடித்தேன், மறு நுனியை அந்தப் பெண். கற்பூரத்தை அணைத்து, விளக்கைக் கொண்டுபோய்ச் சிவப்புக் கட்டையடியில் வைத்தார்கள். "அம்மன் எங்க வெச்சாலும் பாப்பா," என்றார் ஒருவர். பத்து நிமிடம் போயிருக்கும். ஒரு பஞ்சுருட்டான் தாழ்ந்து வந்து பொந்துக்குள் நுழைந்தது. எனக்குக் கண் கலங்கிவிட்டது. ராசன் பார்க்காதது போல இருந்தார்.

போக நினைப்பவர்களுக்கு: சித்திரை, வைகாசியில் போங்கள், காலை ஒன்பதுக்கு முன் முடித்துவிடுங்கள். நிழல் கிடையாது, தண்ணீர் கொண்டுபோங்கள். தொலைநோக்கி இருந்தால் கட்டைக்கு இப்பால் நின்றே எல்லாம் தெரியும். இல்லாவிட்டாலும் கட்டையைத் தாண்ட வேண்டாம். மண் எடுப்பவர்களிடம் முதலில் கேளுங்கள். ஓட்டோக்காரரைக் காத்திருக்கச் சொல்லுங்கள், திரும்ப வேறு வண்டி கிடைக்காது.

ஐந்து வாரம் கழித்து அக்காவுக்கு அழைப்பு எடுத்தேன்.

"பெர்மிட் நேத்தோட முடிஞ்சி தம்பி."

"மண் எடுத்தீங்களா அக்கா?"

"எங்க எடுக்கிற? எல்லாம் பறந்திட்டு. கடைசிப் பொந்துல மட்டும் இன்னும் கீச்சுக் கீச்செண்டு கேக்குது. பிந்திப் பிறந்ததாக்கும்." சற்று நின்றார். "மண் அள்ளுற மிசினக் கழுவி விட்டிட்டன். மறுகா விண்ணப்பம் எழுதக்குள்ள, இந்த மாசங்கள விட்டிட்டு எழுது என்ன."