சாக்கில் இல்லாத கத்தி

போடி பஸ் நிலையத்துக்குப் பக்கத்தில் எனக்கு ஒரு ஹார்டுவேர்ஸ் கடை இருக்கிறது. பூட்டு, கீல், அரிவாள், ஓஸ் பைப்பு என்று மலைத்தோட்டத்துக்கு வேண்டியதெல்லாம் கிடைக்கும். விற்பனைக்கு இல்லாதவை மேசை டிராயரில் இருக்கும். எல்லாம் பழைய மடக்குக் கத்திகள்.

அவற்றை அடையாளம் காண்பதில் எனக்குக் கொஞ்சம் கர்வமே உண்டு. அலகு பிடிக்குள் நுழைகிற இடத்தில் செய்தவர்களின் முத்திரை இருக்கும். துருவுக்கு அடியில் பாதி எழுத்து தெரிந்தால் எனக்குப் போதும். பிடி எலும்பு என்றால் லென்ஸ் வைத்துப் பார்க்கையில் ஊசி குத்தியது போலத் துளைகள் தெரியும். பிளாஸ்டிக்கில் அது இருக்காது.

போன வருடம் மழைக்காலத்தில், போடிமெட்டுக்கு மேலே ஏலத்தோட்டத்தில் வேலை பார்க்கும் ஒருவர் கடைக்கு வந்தார். அறுபது வயது இருக்கும். மடியிலிருந்து ஒரு மடக்குக் கத்தியை எடுத்து மேசையில் வைத்தார்.

"தொறக்க மாட்டேங்குது மொதலாளி. எண்ண கிண்ண விட்டுப் பாருங்க."

துருவேறி இறுகியிருந்தது. பிடியின் ஓரத்தில் சிவப்பு நகப்பூச்சு ஒரு பொட்டுப் போலத் தடவியிருந்தது. லென்ஸை எடுத்தேன். எலும்புப் பிடி. அலகின் அடியில் ஆங்கில எழுத்துகள் நாலைந்து. ஷெஃபீல்டு, கத்திக்குப் பேர்போன இங்கிலாந்து ஊர் என்று படித்ததும் காது சூடாகிவிட்டது. அப்படி ஒன்று என்னிடம் இல்லை.

"இது தேறாதுண்ணே. ஸ்பிரிங்கு போச்சு" என்றேன்.

ஸ்பிரிங் நன்றாகத்தான் இருந்தது. கண்ணாடி அலமாரியிலிருந்து பளபளவென்று ஒரு புதுக் கத்தியை எடுத்து அவர் கையில் வைத்தேன். "இதக் கொண்டுபோங்க. அது இங்க கெடக்கட்டும்."

அவர் தயங்கினார். "அத வச்சு நீங்க என்ன பண்ணுவீங்க?"

"பழைய இரும்போட போடுவேன்."

அவர் கும்பிட்டுவிட்டுப் போனார். அன்று சாயங்காலமே மண்ணெண்ணெயில் ஊறவைத்தேன். பத்தே நிமிடத்தில் 'டக்'கென்று திறந்துகொண்டது. துருவைத் தேய்த்தேன். பெயின்ட் கரைக்கும் தின்னரைத் தொட்டு அந்தச் சிவப்புப் பொட்டையும் வழித்து எடுத்தேன். படம் பிடித்துக் கத்தி சேர்ப்பவர்களின் வாட்ஸ்அப் குழுவில் போட்டதும் பாராட்டு குவிந்தது.

ஒரு மாதம் கழித்து அவர் திரும்பி வந்தார்.

"மொதலாளி, அந்தப் பழைய கத்தி இன்னும் இருக்கா? மக பிரசவத்துக்கு வந்திருக்கா. பச்சப்பிள்ளைக்குத் தலமாட்டுல இரும்பு வைக்கணும்ல? அம்மா கத்தியத்தான் வைக்கணும்னு ஒத்தக்கால்ல நிக்கிறா. செத்துப்போன என் வீட்டுக்காரியோடது அது. அடுத்தவங்க கத்தியோட மாறிப்போகாம இருக்க நெகத்துக்குப் போடுற செவப்பத் தடவி வச்சிருப்பா."

கத்தி என் முழங்காலுக்கு நேரே டிராயரில் இருந்தது. திறந்து எடுத்துக் கொடுத்திருக்கலாம். தேய்த்த பளபளப்பைப் பார்த்தால் நான் சொன்ன பொய் தெரிந்துவிடும். "பழைய இரும்புச் சாக்குலதான் போட்டேன். எடைக்குப் போயிருச்சோ என்னமோ" என்றேன்.

"நான் பாத்துக்கிறேன். நீங்க ஒங்க சோலியப் பாருங்க."

வாசலில் சாக்கைக் கொட்டி, குத்துக்காலிட்டு உட்கார்ந்து, ஆணி, தாழ்ப்பாள், உடைந்த கீல் என்று ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்தார். ஒரு மணி நேரம் இருக்கும். நான் அவர் பக்கம் திரும்பாமல் பூட்டு விற்றுக்கொண்டிருந்தேன். தகரம் கிழித்து அவர் விரலில் ரத்தம் வந்தது. பிளாஸ்திரி கொடுத்தேன். "ஒங்களுக்குத்தான் செரமம்" என்று சொல்லி, கொட்டியதையெல்லாம் திரும்பச் சாக்கில் அள்ளிப் போட்டுவிட்டுப் போனார்.

ராத்திரி சோறு இறங்கவில்லை. மனைவி விடாமல் கேட்கவும் சொல்லிவிட்டேன்.

"அந்த மனுசன் தேடுறதப் பாத்துக்கிட்டா இருந்தீங்க?" என்றவள், "காலையில மொத ஜீப்புல போய்க் குடுத்துட்டு வாங்க" என்று எழுந்துபோனாள்.

போனேன். தோட்டத்தின் பெயர் தெரியும். தொழிலாளர்கள் வரிசையாகக் குடியிருக்கும் லயத்து வீடுகளில் விசாரித்துக் கண்டுபிடித்தேன். அவர் வாசலுக்கு வந்தார். கத்தியை நீட்டினேன். விரித்துப் பார்த்துவிட்டுச் சிரித்தார்.

"எனக்காக வேற கத்தி தேடிக் கொண்டாந்தீகளா? இம்புட்டுத் தூரமா?"

"வேறயில்லண்ணே. இதுதான் அது. துருவையும் செவப்பையும் நான்தான் எடுத்தேன். ஸ்பிரிங்கு போகல. பொய் சொன்னேன்."

அவர் முகத்தில் சிரிப்பு மெதுவாக அடங்கியது. கத்தியை மடக்கிக்கொண்டு உள்ளே போனார். மகளின் குரல் கேட்டது. "இது அம்மாது இல்லப்பா. செவப்பு எங்க?"

"அம்மாதுதான் ஆத்தா. கடைக்காரரு தொடச்சுக் குடுத்திருக்காரு."

திரும்பி வந்து என் முன்னால் நின்றார். "நான் சாக்கக் கொட்டித் தேடுனப்ப இது எங்க இருந்துச்சு மொதலாளி?"

"டிராயர்ல."

தலையை ஆட்டினார். கோபமாகப் பேசுவார் என்று காத்திருந்தேன். "ஜீப்பு கெளம்பிரும். வெரசா போங்க" என்று மட்டும் சொன்னார்.

"சந்தோசப்பட்டாரா?" என்று வீட்டில் மனைவி கேட்டாள். "ம்" என்றேன்.

அதற்குப் பிறகு அவர் கடைக்கு வரவில்லை. அந்தத் தோட்டத்திலிருந்து ஆட்கள் வருகிறார்கள், ஓஸ் பைப்பு வாங்கிப் போகிறார்கள். அவரைப் பற்றிய கேள்வி வாய் வரை வரும். இதுவரை யாரிடமும் கேட்டதில்லை.