மூன்று மாதம் கசங்காத உறை

எழுத்தக்கா என்று அவளுக்குப் பெயர் வைத்தது ஒரு கல்லூரி வகுப்பு. அந்த வகுப்பில் ஒருவர்கூட அவளை நேரில் பார்த்தது கிடையாது. ஆசிரியர் அங்கே வாயைத் திறந்தால், நாலு தெரு தள்ளி ஒரு மாடி வீட்டில் ஹெட்போன் மாட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கும் இவள் விரல்கள் ஓடும். முதல் வரிசையில் இருக்கும் காது கேளாத மாணவியின் திரையில் அந்தப் பேச்சு வரிவரியாக வந்து நிற்கும். அவ்வளவுதான் வேலை. சொல்ல ஒரு நிமிஷம் போதும், செய்து பார்த்தால் நாக்கு தள்ளிவிடும்.

அவள் கணவர் கார் இருக்கைகளுக்கும் சோபாக்களுக்கும் உறை தைப்பவர். கடைக்கு வருபவர்களிடம் பாதி நேரம் தன் தையலைப் பற்றிப் பேசுவார், மீதி நேரம் மனைவியைப் பற்றிப் பேசுவார். கல்யாணத்துக்கு முன்பு அவள் ஒரு வக்கீல் ஆபீசில் தட்டச்சு செய்தாளாம். அந்த வக்கீலின் பேச்சில் காற்புள்ளியும் கிடையாது, முற்றுப்புள்ளியும் கிடையாது. ஆறு வருடம் அவருக்கு ஈடுகொடுத்தவளுக்கு மற்றவர்கள் பேசுவது தாலாட்டு மாதிரிதான் என்பார். இதில் கொஞ்சம் மிகை உண்டு, பொய் கிடையாது.

ஒன்றை மட்டும் குரலைத் தாழ்த்திச் சொல்வார். வகுப்பில் ஆசிரியர் வேடிக்கையாக ஏதாவது சொன்னால் எல்லோரும் சிரிப்பார்கள். எழுத்து இரண்டு நொடி பிந்தினால் அந்த மாணவி தனியாகச் சிரிக்க வேண்டியிருக்கும். மற்றவர்கள் சிரித்து முடித்தபின் தனியாகச் சிரிப்பதைப்போல ஒரு சங்கடம் உண்டா? அதனால் வேடிக்கை வரப்போகிறது என்பதைக் குரலிலேயே மோப்பம் பிடித்து, அந்த வரியைப் பறக்கவிடுவாள் எழுத்தக்கா. “அந்தப் பொண்ணு எல்லாரோடயும் சேர்ந்து சிரிக்கணுங்க. எனக்கு அது போதும்” என்று முதல் வருடமே கணவரிடம் சொல்லியிருந்தாள்.

அந்தப் பெண் ஒவ்வொரு படியாக ஏறி ஆராய்ச்சிப் பட்டம் வரை வந்துவிட்டாள். எழுத்தக்காவின் லேப்டாப்புக்குத்தான் வயதாகிவிட்டது. ஒரு மணி நேரம் ஓடினால் கொதிக்கும், எழுத்துகள் தயங்கித் தயங்கி வரும். ஒரு நாள் கருத்தரங்கின் நடுவில் பொசுக்கென்று அணைந்தே போனது. திரும்ப உயிர் வர நாலு நிமிடம். அந்த நாலு நிமிடமும் எல்லாம் புரிந்த மாதிரி தலையாட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்ததாக அந்தப் பெண் பிறகு சிரித்துக்கொண்டே எழுதி அனுப்பினாள். அதைப் படித்தபின் எழுத்தக்காவுக்கு அன்றைக்குச் சோறு இறங்கவில்லை.

மறுநாளே பழுது பார்ப்பவரிடம் கொண்டுபோனாள். அவர் உள்ளே அடைந்திருந்த தூசியை எல்லாம் எடுத்துவிட்டு, அடியில் வைக்க ஒரு கூலிங் பேடும் கொடுத்தார். தட்டையான பலகை, நடுவில் துளைகள், உள்ளே இரண்டு சின்ன ஃபேன். கீழிருந்து காற்று போகும் வழியை மட்டும் எதைக்கொண்டும் மூடிவிடாதீர்கள் என்று சொல்லி அனுப்பினார். கணவர் அப்போது கடையில் இருந்தார். இந்த வார்த்தை அவர் காதுக்கு வரவில்லை.

அவர் கண்ணுக்கு அது துணியில்லாமல் நிற்கும் ஒரு சாமான். அந்த வீட்டில் டிவி ரிமோட்டுக்கு உறை உண்டு, தண்ணீர்க் குடத்துக்கு உறை உண்டு, பழைய குடைக்கும்கூட உண்டு. இரண்டே நாளில் நீல வெல்வெட்டில், அடியில் ஸ்பாஞ்ச் கொடுத்து, சுற்றிலும் எலாஸ்டிக் வைத்து, கூலிங் பேடுக்கும் ஒரு சட்டை தைத்துக் கொண்டுவந்துவிட்டார். ஒரு தூசி உள்ளே போகாது என்று மார்தட்டினார். எழுத்தக்கா அதைக் கையில் வாங்கி ஒரு நிமிடம் பார்த்தாள். ரொம்ப அழகாக இருக்கிறது என்றாள்.

அதன்பின் லேப்டாப் ஒரு நாளும் அணையவில்லை. அந்தப் பெருமையில் சரிபாதியைத் தையல்காரர் தன் கணக்கில் சேர்த்துக்கொண்டார். தினமும் சாயங்காலம் வீட்டுக்குள் நுழைந்ததும் முதல் வேலையாக லேப்டாப்பைத் தூக்கி அந்த வெல்வெட்டைத் தடவிப் பார்ப்பார். மூன்று மாதம் ஆகியும் ஒரு கசங்கல் இல்லை. தினம் ஆறு மணி நேரம் லேப்டாப் உட்காருகிறது, ஒரு பள்ளம் விழவில்லை என்று கடையில் சொல்லாத ஆள் பாக்கியில்லை. ஊரார் இருக்கையில் துணி எங்கே எதனால் அமுங்கியது என்று பார்த்தவுடன் சொல்லும் மனிதர், தன் துணி என்றதும் கண்ணை மூடிக்கொண்டார்.

அந்தப் பெண்ணின் வாய்மொழித் தேர்வு வந்தது. மண்புழுக்களைப் பற்றி ஐந்து வருடம் செய்த ஆராய்ச்சி, மூன்று தேர்வாளர்கள், இரண்டு மணி நேரக் கேள்விகள். கேள்வி திரையில் வந்தால்தான் அவளால் பதில் சொல்ல முடியும். இடையில் எழுத்து நின்றால் ஐந்து வருடமும் அந்த இடத்தில் நின்றுவிடும். தையல்காரர் கடையைச் சாத்திவிட்டு வீட்டில் இருந்தார். மனைவி குளித்துவிட்டு வருவதற்குள் மேசையைத் துடைத்து, உறையோடு கூலிங் பேடை நடுவில் வைத்து, அதன்மேல் லேப்டாப்பை வைத்து, வயரைச் செருகி, எல்லாவற்றையும் தயார் செய்துவிட்டார்.

எழுத்தக்கா வந்தாள், பார்த்தாள், லேப்டாப்பைத் தூக்கக் கை நீட்டினாள். அதற்குள் அழைப்பு வந்துவிட்டது. பத்து மணிக்கு வரவேண்டிய தேர்வாளர்கள் பத்து நிமிடம் முன்னதாகவே வந்து பேச ஆரம்பித்திருந்தார்கள். நீட்டிய கை அப்படியே விசைப்பலகைக்குப் போனது.

அரை மணி நேரம் போயிருக்கும். லேப்டாப்பின் ஃபேன் கிறீச்சிட ஆரம்பித்தது. பக்கத்து நாற்காலியிலிருந்து திரையைப் படித்துக்கொண்டிருந்தவருக்கு எழுத்துகள் தடுமாறுவது தெரிந்தது. அவள் அடித்து முடித்தபின் ஒரு நொடி கழித்து வந்தன, பிறகு இரண்டு நொடி கழித்து வந்தன. அவளுக்கு வியர்த்துக் கொட்டியது, விரல்கள் நிற்கவில்லை. கணவரைத் திரும்பிப் பார்த்துக் கண்ணால் கீழே காட்டினாள்.

அவர் அடியில் கைவைத்தார். இஸ்திரிப் பெட்டி மாதிரி சுட்டது. கூலிங் பேடின் பக்கவாட்டில் காதை வைத்தார், இரண்டு ஃபேனும் சுற்றிக்கொண்டுதான் இருந்தன. வெல்வெட்டின் மேல் விரலை வைத்தபோதுதான், ஒரு துளிக் காற்றுகூட மேலே வரவில்லை என்பது உறைத்தது. ஒரு தூசி உள்ளே போகாத துணியில் காற்று மட்டும் எப்படி வெளியே வரும்?

யோசிக்க நேரமில்லை. கத்தரிக்கோலை எடுத்துவந்து முதலில் எலாஸ்டிக்கை வெட்டினார். பிறகு இடது கையால் லேப்டாப்பை ஒரு விரல் உயரம் தூக்கி, வலது கையால் வெல்வெட்டை இருபுறமும் கிழித்து, தூங்குகிற குழந்தைக்கு அடியிலிருந்து ஈரத்துணியை உருவுவதுபோல உருவினார். விசைப்பலகை அந்தரத்தில் நின்றது. எழுத்தக்காவும் கையைத் தூக்கிக்கொண்டு அதனுடனே மேலே போய், அதனுடனே கீழே வந்தாள். இரண்டே எழுத்து பிசகியது. திரும்பிப் போய் அவற்றையும் திருத்தினாள். இந்த மாதிரி ஒரு மனுஷியைத் தையல்காரர் தன் வாழ்நாளில் பார்த்ததில்லை. பதினாறு வருடமாகக் கூடவே இருந்தும் பார்த்ததில்லை.

கொஞ்சம் கொஞ்சமாகக் கிறீச்சிடல் அடங்கியது, எழுத்துகள் பேச்சைப் பிடித்துவிட்டன. அப்போது வயதான தேர்வாளர் ஒருவர் கேட்டது திரையில் ஓடியது: “மண்புழுவைப் பத்தி நூத்தி எண்பது பக்கம் எழுதியிருக்கீங்க. மண்புழுகிட்ட ஒரு வார்த்தை கேட்டீங்களா?”

அடுத்த நொடியே மாணவியின் பதில்: “கேட்டேன் ஐயா. அதுக்கும் காது கிடையாது. அதனால ரெண்டு பேருக்கும் நல்லா ஒத்துப்போச்சு.”

ஹெட்போனில் என்ன கேட்டதோ, எழுத்தக்காவின் முகம் மலர்ந்தது. எல்லோரும் சேர்ந்து சிரிக்கிறார்கள் என்று அவருக்கு அந்த முகத்திலேயே தெரிந்துவிட்டது. பன்னிரண்டு மணிக்கு, பட்டத்துக்குப் பரிந்துரைக்கிறோம் என்ற வரியை அவள் அடித்தாள். அடித்துவிட்டு ஹெட்போனைக் கழற்றி வைத்து, முந்தானையால் முகத்தைப் பொத்திக்கொண்டு கொஞ்ச நேரம் அழுதாள்.

தையல்காரர் கிழிந்த வெல்வெட்டை மடியில் விரித்து வைத்துக்கொண்டிருந்தார். கசங்கல் இல்லை, பள்ளம் இல்லை. இப்போது அவருக்குள் இருந்த தொழில்காரர் கண் விழித்தார். மூன்று மாதம் பாரம் தாங்கிய ஸ்பாஞ்ச் இப்படி இருக்காது. இதன்மேல் எதுவுமே உட்காரவில்லை.

“தினமும் கழட்டி வச்சிட்டுத்தான் வேலை பார்த்தியா?”

“ஆமாங்க.”

“நான் வர்றதுக்கு முன்னாடி திரும்ப மாட்டிடுவியா?”

“ஆமாங்க.”

“என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே.”

“நீங்க வந்ததும் முதல்ல அதைத்தான தடவிப் பாப்பீங்க” என்றாள். “அந்த முகத்தப் பாத்துட்டு எப்படிங்க சொல்றது?”

அவர் கிழிந்த வெல்வெட்டை மடித்து வைத்தார். பிறகு பழுது பார்ப்பவர் என்ன சொன்னார் என்பதை முதலிலிருந்து கேட்டுத் தெரிந்துகொண்டார். அடுத்த வாரம் அதே நீல வெல்வெட்டில் உள்ளே ஸ்பாஞ்ச் கொடுத்து, விளிம்பை மட்டும் சுற்றி ஒரு பட்டை தைத்தார். துளைகள் இருந்த இடம் முழுக்கத் திறந்தே இருந்தது. லேப்டாப்பின் நாலு கால்களும் பட்டையின் நாலு மூலைகளில் உட்கார்ந்தன.

ஒரு மாதம் கழித்து அதைக் கடைக்குக் கொண்டுபோனார். வந்தவர்களிடம் எல்லாம் நாலு மூலையையும் தொட்டுப் பார்க்கச் சொன்னார்.

“பள்ளம் விழுந்திருக்கு பாருங்க” என்றார்.