ஜப்பான்காரனும் தைவான்காரனும் ஒரு தெர்மகோல் அட்டையும்

1. கனம்

அசல் என்றால் கனக்கும், நகல் என்றால் லேசாக இருக்கும். சீரியல்களுக்குப் பொருள் சேர்த்துக் கொடுக்கும் ப்ராப்பர்ட்டி வேலையில் இதை நான் வேதவாக்காக நம்பினேன். பித்தளை விளக்கு, சங்கிலி, ஐம்பொன் விக்ரகம் எல்லாவற்றுக்கும் அது சரியாகத்தான் வந்தது. துப்பாக்கிக்கும் வரும் என்று நினைத்தேன். பிடித்தது சனி.

திருவனந்தபுரத்தில் வாடகைக்கு எந்த வீடு கிடைத்தாலும் அதில் ஒரு சீரியல் ஷூட்டிங் நடந்துகொண்டிருந்த காலம். அதுவரை நாங்கள் மரத்தில் கடைந்து கறுப்பு பெயின்ட் அடித்த பிஸ்டலை வைத்தே எத்தனையோ பேரைக் கொன்றிருந்தோம். புது டைரக்டருக்கு அது பிடிக்கவில்லை. கல்ஃபில் இருந்த சொந்தக்காரர்களிடம் சொல்லி, ஒரே மாடல் பிஸ்டலின் ஏர்சாஃப்ட் நகல்கள் இரண்டை வரவழைத்தார். பிளாஸ்டிக் குண்டு போட்டுச் சுடும் விளையாட்டுத் துப்பாக்கிகள். ஒன்று தைவான் கம்பெனி, இன்னொன்று ஜப்பான் கம்பெனி.

"ரெண்டும் டாய் தன்னே. வீட்டுக்குக் கொண்டுபோய் நல்லா நோக்கு. கேமராவுக்கு எது சரியாகும்னு காலைல பறஞ்சா மதி" என்றார் மலையாளமும் தமிழுமாக. காலையில் சொன்னால் போதுமாம்.

2. தராசு

சாலை பஜாரில் அக்கா வீட்டுக்காரர் முருகேசன் அத்தானுக்குப் பலசரக்குக் கடை. கடையின் பின்கட்டில், மல்லி மூட்டைமேல் இரண்டையும் வைத்துப் பார்த்தேன்.

தைவான்காரன் வெள்ளந்தி. அட்டைப்பெட்டியோடு வந்திருந்தான். அச்சில் வார்த்த கோடு முதுகு முழுக்கத் தெரிந்தது. பளபளவென்று எண்ணெய் தேய்த்துக் குளித்தவன் மாதிரி இருந்தான். ஒவ்வொரு முறையும் துப்பாக்கியின் மேல்பகுதியான ஸ்லைடைக் கையால் இழுத்துவிட்டு விசையை அழுத்தினால் 'டிக்' என்பான். அவ்வளவுதான்.

ஜப்பான்காரனோ பெட்டி இல்லாமல், ஒரு துண்டில் சுற்றி வந்திருந்தான். மங்கல் கறுப்பு. கோடு இல்லை. பக்கவாட்டில் எழுத்தும் நம்பரும் வெட்டியிருந்தது. கையில் எடுத்தால் மணிக்கட்டு தானாகத் தாழ்ந்தது. 'இது கேஸ் மாடல், சுட்டா ஸ்லைடு தானே பின்னால போகும்' என்று டைரக்டர் சொல்லியிருந்தார். அசல் துப்பாக்கிக்குத்தானே அப்படிப் போகும்?

இரண்டையும் பேப்பரில் சுற்றித் தராசின் இரண்டு தட்டிலும் வைத்தேன். ஜப்பான்காரன் இருந்த தட்டு பொத்தென்று இறங்கியது. கனம் என்றால் அசல்.

அத்தான் எட்டிப் பார்த்தார். "என்ன மாப்ள, நேந்திரங்காயா?"

"அத்தான், இது நெஜத் துப்பாக்கி."

"போன மாசம் என் கல்லாவுல ரப்பர் பாம்பு வச்சவன்தானே நீ? போ, போ, யாவாரத்தக் கெடுக்காத."

நான் கட்டி வளர்த்த பெயர் அப்படி. யாரிடம் சொன்னாலும் விளையாட்டு என்பார்கள். போலீசில் சொல்லலாம் என்றால் துப்பாக்கி முழுக்க என் கைரேகை.

துணிப்பையில் அடியில் ஜப்பான்காரன், மேலே முருங்கைக்காய். வீட்டுக்குப் போகும் வழியில், தெருவில் நின்றபடியே பழவங்காடிக் கோயில் பிள்ளையாரைப் பார்த்து, 'நாளை யாரும் சாகாமல் இருந்தால் தேங்காய் உடைக்கிறேன்' என்று வேண்டினேன். அதே நொடியில் பக்கத்தில் ஒருவர் சூறைத்தேங்காய் விட்டார். 'படார்!' நான் நடுரோட்டில் குத்துக்காலிட்டு உட்கார்ந்துவிட்டேன். பக்தி என்று நினைத்து ஓர் அம்மாள் எனக்கு வழிவிட்டார்.

3. ஆக்‌ஷன்

காட்சி இதுதான்: சொத்துக்காக மகன் அப்பாவின் முகத்துக்கு நேரே துப்பாக்கியை நீட்டி விசையை அழுத்த வேண்டும். சத்தம் பிறகு சேர்த்துக்கொள்வார்கள். அப்பா வேஷத்தில் மணி மாமா. கோட்டைக்குள் அக்ரஹாரத் தெருக்காரர், பேங்கில் ரிட்டயரானவர். ஷூட்டிங்குக்கு வரும்போதெல்லாம் எனக்கென்று தனியாக முறுக்கு கொண்டுவருவார்.

"சார், தைவான் போதும் சார். அதுதான் அழகு" என்றேன்.

டைரக்டர் இரண்டையும் கையில் வாங்கிப் பார்த்தார். "இது ஷைன் அடிக்கும். பிடிச்சா சீப்பு பிடிச்ச மாதிரி இருக்கு. ஜப்பான் மதி."

பாவி, சரியாகத்தான் சொன்னார். நானே அப்படித்தான் சொல்லியிருப்பேன்.

"சார், அது டாய் இல்ல சார். ஒரிஜினல்."

யூனிட்டே சிரித்தது. மேக்கப்காரர் கைதட்டினார். டைரக்டர், "மணி சார், கண்ணாடில லைட் அடிக்குது, கழட்டிக்கோங்க" என்று வேலையைப் பார்க்கப் போய்விட்டார்.

மணி மாமா மட்டும் என்னைக் கூப்பிட்டார். "ஏன்டா, ஏன் இப்படி வேர்த்துக் கொட்டறது நோக்கு?"

"மாமா, இன்னிக்கு வயித்துவலின்னு சொல்லிட்டு ஆத்துக்குப் போயிடுங்கோ."

"நன்னா இருக்கே! செத்துப்போற சீன் கெடைக்கறதே பெரிசு. அதையும் கெடுக்கறயே!"

'ஆக்‌ஷன்' என்றார்கள். மகன் கையை நீட்டினான். விரல் விசைக்குப் போனது. எனக்கு வேறு எதுவும் தோன்றவில்லை. லைட்டைத் திருப்பிவிட ஒருவர் பிடித்திருந்த தெர்மகோல் அட்டையைப் பிடுங்கி, மணி மாமா முன்னால் பாய்ந்தேன். நிஜத் தோட்டாவைத் தடுக்கத் தெர்மகோல்! பள்ளிக்கூடத்தில் இயற்பியலுக்கு எனக்கு எத்தனை மார்க் என்று இதிலிருந்தே தெரிந்திருக்கும்.

'ப்ளக்.'

ஸ்லைடு அழகாகப் பின்னால் போய் வந்தது. நான் கண்ணைத் திறந்தபோது எல்லாரும் சிரித்துக்கொண்டிருந்தார்கள். "கட்! எடோ, நல்ல ஷாட்டல்லவா போச்சு!" என்று டைரக்டர் கத்தினார். மணி மாமா மட்டும் சிரிக்கவில்லை. கண்ணாடியைத் தேடி மாட்டிக்கொண்டு அட்டையைத் தடவிக்கொண்டிருந்தார்.

இந்த வேலைக்குப் புதிதாக வருகிறவர்களுக்கு ஒன்று சொல்கிறேன். படத்துக்கு ஜப்பான்காரன்தான் மேல். ஓடி விழுந்து உருளும் ஷாட்டுக்குத் தைவான்காரன் போதும். ஆனால் எந்தக் கம்பெனி ஆனாலும் நடிகர் கையில் கொடுக்குமுன் குண்டு நிரப்பும் மேகசினை நீங்களே கழற்றிப் பாருங்கள். தைவான்காரனை நான் திருகாணி வரை பிரித்துப் பார்த்திருந்தேன். ஜப்பான்காரனின் மேகசின் பட்டனைத் தொடக்கூட இல்லை. பயம். கழற்றியிருந்தால் உள்ளே இருந்த வெள்ளை உருண்டைகளைப் பார்த்திருப்பேன், பொம்மை என்று தெரிந்திருக்கும், உருண்டைகளையும் கொட்டியிருப்பேன். கல்ஃபிலிருந்து கொண்டுவந்தவர் சுட்டுப் பார்த்துவிட்டு, கேஸும் குண்டுமாக அப்படியே கொடுத்திருந்தார். அந்தக் கனம் முழுக்க மேகசினின் இரும்புக் கனம்.

மணி மாமா நகத்தால் அட்டையை நோண்டி எதையோ எடுத்து என் உள்ளங்கையில் வைத்தார். மிளகைவிடச் சற்றுப் பெரிய பிளாஸ்டிக் உருண்டை. பிறகு, நான் பிடித்திருந்த மாதிரியே அட்டையைத் தன் முகத்துக்கு முன்னால் பிடித்துக் காட்டினார். சிரிப்பு நின்றது.

குண்டு பதிந்த பள்ளம் அவருடைய இடது கண்ணுக்கு நேரே இருந்தது.