சீனியர் வேறு கோர்ட்டில் இருக்கிறார்

மூன்று வருஷம் நான் கோர்ட்டில் பேசியது ஒரே ஒரு வாக்கியம். "சீனியர் வேறு கோர்ட்டில் இருக்கிறார், யுவர் ஆனர், வாய்தா வேண்டும்." அதை இங்கிலீஷில் சொல்ல வேண்டும், லேசாகக் குனிந்து சொல்ல வேண்டும், முகத்தில் கொஞ்சம் வருத்தமும் காட்ட வேண்டும். ஐந்து வருஷம் சட்டம் படித்து, கறுப்பு கவுன் மாட்டிக்கொண்டு வஞ்சியூர் கோர்ட்டுக்கு வந்த பெண்ணுக்குக் கிடைத்த உத்தியோகம் அவ்வளவுதான். சம்பளமா? அந்த வார்த்தையை ஜூனியர் வாயால் சொல்லக் கூடாது. ஓணத்துக்கு ஒரு கவர், விஷுவுக்கு ஒரு கவர். நடுவில் காற்றைக் குடித்துக்கொள்ளலாம்.

இருந்தாலும் அந்த நாட்களை நினைத்தால் எனக்குச் சிரிப்பும் வருகிறது, ஏக்கமும் வருகிறது. கரமனை வீட்டிலிருந்து கிளம்பி பஸ் ஏறி, கிழக்கேகோட்டையில் இறங்கி, அடுத்த பஸ்ஸுக்கு அடித்துப் பிடித்து ஓடுவேன். வெயில் காலத்தில் கவுனுக்குள் வெந்துபோவேன். கேன்டீனில் ஜூனியர்கள் ஆறு பேர் சேர்ந்து மூன்று பழம்பொரி, அதாவது நேந்திரம்பழ பஜ்ஜி, வாங்குவோம். பெரிய பாதி யாருக்கு என்று, கோர்ட்டில் பேசக் கிடைக்காத வாதத்தையெல்லாம் அங்கே பேசித் தீர்ப்போம். அந்த மாதிரி பழம்பொரி பிறகு எங்கேயும் நான் சாப்பிடவில்லை.

சீனியர் கெட்டவர் இல்லை. எங்கள் தெருக்காரர், அப்பாவுக்குச் சின்ன வயசிலிருந்தே பழக்கம். மத்தியானம் டிபன் கேரியரைத் திறந்தால் முதல் தட்டு எனக்குத்தான். கேஸ் கட்டை எங்கேயிருந்து படிக்க ஆரம்பிக்க வேண்டும் என்று பொறுமையாகச் சொல்லிக் கொடுத்தவரும் அவர்தான். சம்பளம் என்ற ஒரு விஷயம் மட்டும் அவர் நினைவுக்கு வந்ததே கிடையாது. அவருக்கும் அவருடைய சீனியர் தந்ததில்லையாம், அதைப் பெருமையாக வேறு சொல்வார்.

வீட்டில் அம்மாவுக்கு இந்தப் பெருமையெல்லாம் எடுபடவில்லை.

"ஏண்டி, உன் தம்பி பன்னெண்டாம் கிளாஸோட நின்னவன். மொபைல் கடையில நின்னுண்டு மாசாமாசம் சம்பளம் கொண்டு வரான். நீ இத்தனை படிச்சுட்டு பஸ்ஸுக்கு அப்பாகிட்ட கையை நீட்டறே. என்ன கோர்ட்டோ, என்ன கவுனோ!"

இருபத்தாறு வயதில் அது சுருக்கென்று தைத்தது. கழக்கூட்டம் ஐ.டி. பார்க்கில் ஒரு கம்பெனியில் அத்தை பிள்ளை இருந்தான். அமெரிக்காக்காரர்களுக்கு இன்ஷூரன்ஸ் பற்றி போனில் பதில் சொல்லும் வேலை ஒன்று அங்கே எனக்காகக் காத்திருந்தது. அம்மா கெடு வைத்துவிட்டாள்.

"நவராத்திரி வரைக்கும் பாப்பேன். அதுக்குள்ள உனக்குன்னு ஒரு கேஸாவது ஜெயிச்சுக் காட்டு. இல்லேன்னா கவுனை மடிச்சு வெச்சுட்டு அங்க போய்ச் சேரு, கேட்டியா?"

அம்மா சொன்னால் சொன்னதுதான். நான் தினமும் காலண்டரைப் பார்த்து நாளை எண்ணிக்கொண்டிருந்தேன்.

அப்போதுதான் பொன்முடி மலையிலிருந்து அந்த அக்கா வந்தாள். தேயிலை எஸ்டேட்டில் கொழுந்து கிள்ளுகிறவள், இரண்டு பிள்ளைகள். புருஷன் இங்கே டவுனில் வேன் ஓட்டுகிறான், இரண்டு வருஷமாகக் காசும் அனுப்பவில்லை, எட்டியும் பார்க்கவில்லை. ஜீவனாம்சம் கேட்டு வழக்குப் போட வேண்டும். குடும்ப வழக்கு என்றாலே சீனியருக்குத் தலைவலி. "நீயே எடுத்துக்கோ" என்று என் பக்கம் தள்ளிவிட்டார். வக்காலத்தில் முதல் முறையாக என் பெயர், என் பெயர் மட்டும்! அதைப் பத்துத் தடவை எடுத்துப் பார்த்திருப்பேன். அந்தச் சந்தோஷத்தில் ஃபீஸ் கேட்க எனக்கு வாயே வரவில்லை.

வழக்கு முடியும்வரை மாதாமாதம் ஏதாவது தரச் சொல்லி ஒரு மனு. அது விசாரணைக்கு வந்த நாளில் நான் கோர்ட்டுக்குப் போவதற்கு முன்பே அக்கா வாசலில் நின்றிருந்தாள். முதல் பஸ்ஸைப் பிடித்து அத்தனை வளைவும் இறங்கி வந்திருக்கிறாள். பஸ்ஸில் வாந்தி எடுத்ததாகச் சொல்லிச் சிரித்தாள். நவராத்திரிக்குப் பத்து நாள்தான் இருந்தது. வாதம் முழுவதும் எனக்கு மனப்பாடம். கண்ணாடி முன்னால் நின்று பேசிப் பார்த்திருந்தேன்.

எங்கள் நம்பரைக் கூப்பிட்டார்கள். எழுந்தேன். லேசாகக் குனிந்தேன். "சீனியர் வேறு கோர்ட்டில் இருக்கிறார், யுவர் ஆனர், வாய்தா வேண்டும்" என்றேன்.

சத்தியமாக, என் வாய்தான் சொன்னது, நான் சொல்லவில்லை. ஜட்ஜம்மா நிமிர்ந்துகூடப் பார்க்காமல் அடுத்த மாசத்துக்குத் தேதி போட்டார். எதிர்த்தரப்பு வக்கீல் சந்தோஷமாகக் கேஸ் கட்டை மூடினார். அடுத்த நம்பரையும் கூப்பிட்டுவிட்டார்கள். நான் அப்படியே பின்னால் நடந்து வராந்தாவுக்கு வந்துவிட்டேன்.

"முடிஞ்சிருச்சா வக்கீலம்மா? இவ்வளவு வெரசாவா?" என்று அக்கா ஓடி வந்தாள்.

"சீனியர்..." என்று ஆரம்பித்தேன். சீ, என்ன ஜென்மம் இது என்று என் மேலேயே எனக்கு ஆத்திரம் வந்தது. நடந்ததை அப்படியே சொன்னேன். மூன்று வருஷமாக இதை மட்டுமே சொல்லிச் சொல்லி நாக்கு பழகிவிட்டது என்றும் சொன்னேன்.

அவள் கத்துவாள் என்று நினைத்தேன். கத்தவில்லை. "இதைச் சொல்றதுக்கு உங்களுக்கு என்ன சம்பளம் தருவாங்க?" என்று கேட்டாள்.

"சம்பளம் கிடையாது அக்கா. ஓணத்துக்கும் விஷுவுக்கும் ஏதாவது தருவார்."

அவள் என்னை மேலும் கீழும் பார்த்தாள். "மூணு வருசமாவா? எங்க எஸ்டேட்டுல ரெண்டு வாரம் கூலி நின்னா ஆபீஸ் முன்னால போய் உக்காந்துருவோம். எனக்கே ஒரு நாளைக்கு இவ்வளவுன்னு இருக்கு." தொகையையும் சொன்னாள். பிறகு கொஞ்சம் தயங்கி, "உங்களுக்கே கேக்கத் தெரியலையே வக்கீலம்மா, எனக்கு எப்படிக் கேப்பீங்க?" என்றாள்.

அவள் குத்திக்காட்டவில்லை. நிஜமாகவே கவலைப்பட்டுக் கேட்டாள். விடுவிடுவென்று ஓடினேன். எதிர்த்தரப்பு வக்கீலைப் படியிலேயே மடக்கி நிறுத்தினேன். அவரையும் கூட்டிக்கொண்டு மறுபடி உள்ளே போய், ஜட்ஜம்மா நிமிரும்வரை நின்றேன்.

"எந்தா, சீனியர் வந்நோ?" என்று மலையாளத்தில் கேட்டார்.

"இந்த வழக்கில் எனக்கு சீனியர் இல்லை, யுவர் ஆனர். நான்தான் வக்கீல். வாய்தா கேட்டது பழக்க தோஷம்."

கோர்ட்டே சிரித்தது. ஜட்ஜம்மாவும் சிரித்துவிட்டார். அவரும் ஒரு காலத்தில் ஜூனியராக இருந்தவர்தானே! சாப்பாட்டுக்குப் பிறகு மனுவை எடுத்துக்கொண்டார். கண்ணாடி முன்னால் பேசியதில் பாதி மறந்துபோயிற்று, மீதிப் பாதியை உரக்கவே பேசினேன். மாதாமாதம் பணம் தரச் சொல்லி உத்தரவு வந்தது. அம்மா வைத்த கெடுவுக்குள் ஒன்று ஜெயித்துவிட்டேன். "மாசாமாசமா? மாசாமாசமா?" என்று அக்கா இரண்டு தடவை கேட்டுவிட்டு, பஸ் போய்விடும் என்று ஓடினாள்.

அந்தச் சூட்டோடு சாயங்காலம் சீனியர் ஆபீஸுக்குப் போனேன். அவர் மேஜைக்கு முன்னால் நின்று, "சார், எனக்குச் சம்பளம் வேணும்" என்றேன்.

அவர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார். கோபப்படவில்லை. "எத்தனை வேணும்?" என்று கேட்டார்.

மூன்று வருஷமாக மனசுக்குள் புலம்பியவள், என் வேலைக்கு என்ன விலை என்று ஒரு நாள்கூட யோசித்ததில்லை. அப்போது எனக்குத் தெரிந்த கூலி ஒன்றே ஒன்றுதான்.

"பொன்முடியில கொழுந்து கிள்றவாளுக்கு ஒரு நாளைக்கு என்ன கூலியோ, அதைக் குடுங்கோ சார். நான் வர நாளுக்கு மட்டும் போதும்." தொகையைச் சொன்னேன்.

சீனியர் விரல் விட்டுக் கணக்குப் பார்த்தார். "அது கொஞ்சம் கூடுதலாக்குமே, குழந்தே" என்றார். விளையாட்டுக்குச் சொல்லவில்லை. பிரியமாகத்தான் சொன்னார். "பாதியா வெச்சுக்கலாமா?"

"ஆகட்டும் சார்" என்றேன்.

கரமனை வரைக்கும் பஸ்ஸில் நின்றுகொண்டே வந்தேன். இடம் இருந்தது, உட்காரத் தோன்றவில்லை. அவ்வளவு சந்தோஷம் எனக்கு.